ரெக்சின் அக்கா மெசின் பார்க்கப் போனால்

வவுனியாவில் பழைய தையல் மெசின் விற்கிறவர்கள் பொலிசைவிட அதிகம் பயப்படுவது ரெக்சின் அக்காவுக்குத்தான். ஓட்டோ இருக்கைகளுக்கு ரெக்சின் உறை தைப்பது அவர் தொழில். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும்.

நான் பாடசாலைப் பைகள் தைக்கத் தொடங்கியிருந்த நேரம். பையில் வார் பொருத்தும் இடம் வந்தால் அம்மாவின் வீட்டு மெசினில் ஊசி முறியும். ஒருநாள் முறிந்த துண்டு அம்மாவின் கண்ணுக்குக் கீழே பட்டது. தடித்த துணி தைக்கும் மெசின் வாங்குவதென்று அன்றைக்கே முடிவெடுத்தேன். அதில் கீழே உள்ள பற்களோடு, மேலே அழுத்தும் பாதமும் துணியோடு சேர்ந்து நடக்கும். எத்தனை மடிப்பு வைத்தாலும் விலகாது. புதிது வாங்க வசதியில்லை. நெளுக்குளத்தில் பழையது ஒன்று விற்பனைக்கு வந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்துப் பட்டமும் வாங்கியவள் நான். பார்க்கவேண்டிய பன்னிரண்டு விடயங்களை இணையத்தில் தேடிக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அம்மாதான் வற்புறுத்தி ரெக்சின் அக்காவையும் கூட அனுப்பினார்.

வழியில் அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"அங்க தேத்தண்ணி தருவினம். மெசின் பாத்து முடியுமட்டும் வாயில வைக்காதை."

"ஏனக்கா?"

"குடிச்சிட்டுக் குறை சொல்ல உனக்கு வாய் வராது, தங்கச்சி."

விற்கிற ஐயாவின் மனைவி தேநீரோடு சூடான வாழைப்பழ வாய்ப்பனும் கொண்டுவந்தார். நான் மரியாதை தெரிந்தவள். இரண்டு வாய்ப்பன் சாப்பிட்டேன்.

அக்கா தரையில் படுத்து மேசைக்குக் கீழே தலையை விட்டார். எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார். மோட்டாரைப் போடவிடாமல் சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, காதை வைத்துக் கேட்டார்.

"என்ன பிள்ளை, மெசினுக்குக் காய்ச்சலோ?" என்றார் ஐயா.

"பொறுங்கோ ஐயா, இன்னும் நாக்கை நீட்டச் சொல்லேல்லை."

என் பன்னிரண்டு விடயங்களும் சரியாக இருந்தன. ஐயா தந்த துணியில் தையல் முத்து முத்தாக விழுந்தது. வெற்றியோடு அக்காவைப் பார்த்தேன். அவர் தன் பையிலிருந்து ஒரே நீளமான இரண்டு ரெக்சின் துண்டுகளை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நுனியிலிருந்து நுனிவரை தைத்தார். முடிவில் மேல்துண்டு ஒரு விரல் அளவு மிஞ்சி நின்றது.

"கீழ்ப்பல் நடக்குது. மேல்பாதம் நடக்கிற மாதிரி நடிக்குது."

ஐயா ஒரு திருகாணியை இறுக்கினார். மறுபடி தைத்தும் அதே ஒரு விரல்.

"தேஞ்சு போச்சு ஐயா. இறுக்கி என்ன செய்யிறது?"

ஐயா என்னிடம் திரும்பினார். "நீங்கள் படிச்ச பிள்ளை. ஒரு விரல்தானே?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவரில் இருந்த கலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் தொடங்க மூன்று கிழமை. பைகளுக்குச் சொல்லிவைத்தவர்கள் காத்திருந்தார்கள். ஆனால் ஒரு விரல் விலகிய வார், புத்தகப் பாரத்தோடு ஒரு மாதம் தாங்காது.

"மன்னிக்கோணும் ஐயா, வேண்டாம்" என்றேன். அந்த மூன்று சொல்லுக்கும் இரண்டு வாய்ப்பனும் நெஞ்சுக்குள் தடக்கின.

வாசலுக்கு வந்ததும் அழுகை வந்தது. அக்காவைக் காணவில்லை. உள்ளே, ஆறிப்போன தன் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அவையின்ர மனம் நோகக்கூடாதெல்லோ" என்றபடி வந்தார். "ஏன் அழுறாய்? விடிய என்ர கடைக்கு வா. பத்து மணி வரைக்கும் என்ர மெசின் சும்மாதான் கிடக்குது."

பைகள் எல்லாம் அங்கேதான் தைத்து முடிந்தன. நான் தைக்க, அவர் பக்கத்தில் கதிரை போட்டு ஊர்க் கதை முழுக்கச் சொல்லுவார். கதை முடியாவிட்டால் ஓட்டோக்காரர்கள் வெளியே காத்திருக்கவேண்டியதுதான்.

அடுத்த பைகளையும் அங்கேயே தைத்துக்கொண்டு, பிறகு மூன்று மெசின்கள் பார்த்தோம். ஒன்றில் துரு. ஒன்றில் ஊசித்தண்டு ஆடியது. மூன்றாவதை அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கென்னவோ மனசுக்குப் பிடிக்கேல்லை" என்றார்.

அந்த மெசினில் ரெக்சின் துண்டுகள் இரண்டும் சமமாகத்தான் முடிந்திருந்தன. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"ஓம் அக்கா, சரியில்லைத்தான்" என்றேன்.