நாலு மணிக்குள் ஒரே போல்டர்

கம்ப்யூட்டரில் ஒரே பிள்ளையார் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்தார். அதே தொந்தி, அதே மூஞ்சூறு, இடது காதோரம் பெயின்ட் வழிந்த அதே கறை. ஒருவர் ‘படங்கள்’ என்ற போல்டரில் இருந்தார். இன்னொருவர் ‘படங்கள் (1)’ என்ற போல்டரில் இருந்தார்.

பிள்ளையார் மட்டுமென்றால் தெய்வச்செயல் என்று விட்டுவிடலாம். யானை, மயில், பால்காரி, மட்டையைத் தூக்கிப் பிடித்த கிரிக்கெட்காரன் என்று அந்தப் பீங்கான் பொம்மைக் கம்பெனியின் முன்னூற்றுப் பதினெட்டு பொம்மைகளும் இரண்டிரண்டாக இருந்தன. பாண்டியன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் இரண்டுதான்.

“பாண்டியா, இத எப்பத்தான் சரி பண்ணப் போற?” என்று பின்னாலிருந்து கேட்டார் முதலாளி குருமூர்த்தி. வெள்ளை வேட்டி சட்டையில், ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பி நின்றார்.

“பாத்துக்கிட்டேதான் இருக்கறேங்க மொதலாளி.”

“பாத்தா மட்டும் போதுமா? பெங்களூர் பார்ட்டி இன்னிக்கி நாலு மணிக்கு லிங்கைத் தொறக்கறாங்க. போன தடவ என்னா ஆச்சுன்னு ஞாபகம் இருக்குதுல்ல?”

ஞாபகம் இல்லாமல் என்ன? போன தடவை பெங்களூர்க்காரர்கள் ஒரே யானையை இரண்டு இடத்தில் பார்த்தார்கள். ஒன்று பெரிய யானை, ஒன்று சின்ன யானை என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டு, ஜோடியாக இருநூறு கேட்டார்கள். இங்கிருந்து போன நானூறு யானையும் ஒரே உயரம். அத்தனையும் வைக்கோலோடு திரும்பி வந்து இன்னும் குடோனில் நின்றுகொண்டிருக்கின்றன.

“நாலு மணிக்கு நான் வரும்போது ஒரே போல்டர்தான் இருக்கணும். இல்லேன்னா அந்த சீட்டுல வேற ஆள உக்கார வெக்கிறேன். மனசு கஷ்டமாதான் இருக்குது, என்னா பண்றது?” என்று சொல்லிவிட்டுக் குருமூர்த்தி காரில் ஏறினார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் பாண்டியன் பயந்திருக்க மாட்டார். குருமூர்த்தி சொன்னால் செய்கிறவர். பத்தொன்பது வருஷம் சூளையில் பொம்மை அடுக்கி இறக்கிய பாண்டியனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதுகில் தட்டு விலகியது. இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது யாரும் கேட்காமலே இந்த நாற்காலியைக் கொடுத்தவரும் இதே குருமூர்த்திதான். படம் ஏற்றுவதையும் இறக்குவதையும் வீட்டில் மனைவியின் செல்போனில்தான் பாண்டியன் முதலில் பழகினார். இது போனால் பாண்டியனுக்குச் செய்ய இன்னொரு வேலை கிடையாது. அது அவருக்கும் தெரியும், அவர் மனைவி விருத்தாம்பாளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

சரி, இரண்டில் எதை அழிப்பது?

அதற்குப் பாண்டியனிடம் பதில் இருந்தது. பொம்மை வேலையில் எல்லாவற்றுக்கும் இரண்டு அச்சு உண்டு. மாஸ்டர் அச்சு அலமாரியில் பத்திரமாக இருக்கும். அதிலிருந்து எடுத்த பிளாஸ்டர் அச்சில்தான் தினமும் களிமண் கரைசலை ஊற்றுவார்கள். நூறு தடவை ஊற்றினால் அச்சு தேய்ந்து, பிள்ளையாருக்கும் கிருஷ்ணருக்கும் ஒரே மூக்காகிவிடும். அப்போது அதை உடைத்துப் பள்ளத்தில் கொட்டுவார்கள். மாஸ்டருக்கு ஒன்றும் ஆகாது.

வாலில் ஒன்று என்று நம்பர் போட்டிருப்பது மாஸ்டராக இருக்க முடியாது. பாண்டியன் ‘படங்கள் (1)’ஐத் தயங்காமல் அழித்தார். போல்டர் மறைந்தது. இவ்வளவுதானா என்று எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

‘படங்கள் (1)’ இருந்த இடத்திலேயே இருந்தது.

டீ குடிக்கப் போகுமுன் அழிக்க மறந்திருப்போம் என்று நினைத்து மறுபடி அழித்தார். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துக் காவல் இருந்தார். ஏழாவது நிமிஷம் அவர் கண்ணெதிரேயே போல்டர் திரும்பி வந்து உட்கார்ந்தது.

பாண்டியன் யோசித்தார். உடைக்க உடைக்க வருகிறது என்றால் அதற்கு உள்ளே ஏதோ பலம் இருக்கிறது. அப்படியானால் அதுதான் மாஸ்டர்! நம்பர் போடாமல் சாதுவாக இருக்கிறதே, அதுதான் தேய்ந்த அச்சு. இத்தனை நேரம் தப்பான ஆளை அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தன்மேலேயே கோபப்பட்டு, ‘படங்கள்’ போல்டரை அழித்தார்.

இரண்டு நிமிஷத்தில் பெயின்டிங் பிரிவிலிருந்து வேல்விழி கையில் பிரஷ்ஷோடு ஓடிவந்தாள்.

“அண்ணே! மயிலுக்குக் கலரு பாக்கலாம்னு லிங்கைத் தொறந்தா, அப்பிடி ஒண்ணும் இல்லன்னு வருதுண்ணே!”

“எந்த லிங்கு?”

“பெங்களூர்க்காரங்களுக்கு அனுப்பின அதே லிங்குதாண்ணே.”

பாண்டியன் அவசரமாக குப்பைத்தொட்டி படத்தைத் தேடித் திறந்து, போல்டரைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். போட்ட பிறகு எண்ணிப் பார்த்தால் ‘படங்கள்’ இருந்தது, ‘படங்கள் (1)’ இருந்தது, புதிதாக ‘படங்கள் (2)’ என்று ஒருவரும் வந்து சேர்ந்திருந்தார்.

“இப்ப மூணா இருக்குதேண்ணே” என்றாள் வேல்விழி.

“எனக்கு எண்ணத் தெரியும், நீ போயி மயிலப் பாரு.”

அந்த நேரத்தில்தான் செல்போன் அடித்தது. விருத்தாம்பாள். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை.

“என்னங்க, ஆபீஸ்ல எல்லாம் சரியா இருக்குதா?”

“ஏன், என்னா?”

“ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன். மொதலாளி ஏதாச்சும் சொன்னாரா?”

“அவரு ஏன் சொல்லப் போறாரு? ஜோரா போயிக்கிட்டு இருக்குது. வையி.”

பொய் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லி வீட்டிலிருப்பவளையும் சேர்த்துக் கலங்கடிப்பானேன்? முதுகு போன சமயத்தில் ஆறு மாதம் அவளைக் கலங்கடித்தது போதாதா? அதற்குப் பிறகு இரண்டு தடவை அவள் கூப்பிட்டபோதும் பாண்டியன் எடுக்காமல், போனின் மணியையும் அடக்கி வைத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தேவநாதனுக்குப் போன் போட்டார். இந்தக் கம்ப்யூட்டரை விற்றதே அவன்தான்.

“அண்ணே, இது வெறும் கம்ப்யூட்டர்ல இருக்கற போல்டரு இல்ல” என்றான் தேவநாதன். “ஆன்லைன்ல ஒரு எடத்துல இருக்குது, அதோட நெழலுதான் உங்க கம்ப்யூட்டர்ல இருக்குது. இங்க அழிச்சா அங்கயும் அழியும். அங்க வந்தா இங்கயும் வரும். மொதல்ல எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து தனியா வையுங்க. அப்புறம் செட்டிங்ஸ் போயி இணைப்ப நிறுத்துங்க. அதுக்கப்புறந்தான் அழிக்கணும். இந்த வரிசை மாறக் கூடாது.”

“அவ்வளவுதான? ஆயிடும்.”

பாண்டியன் வரிசை மாறாமல் செய்தார். முதலில் காப்பி எடுத்தார். தனியாக என்றால் எங்கே வைப்பது? பத்திரமான இடமாக இருக்கட்டும் என்று ‘படங்கள்’ பக்கத்திலேயே வைத்தார். இரண்டாவதாக இணைப்பு. சூளையில் வேலை பார்த்தவர் பியூஸைப் பிடுங்காமல் எதிலும் கை வைக்கமாட்டார். செட்டிங்ஸில் போய் எதற்குத் தேடவேண்டும் என்று, சுவரிலிருந்து வந்த நெட் ஒயரையே பிடுங்கிவிட்டார். மூன்றாவதாக (1), (2) இரண்டையும் அழித்தார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம் பார்த்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை. நிம்மதியாகச் சோற்று டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். புளிசோறு அன்றைக்குத் தனி ருசியாக இருந்தது.

சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு ஒயரைச் செருகினார். சரியாக ஒன்பதாவது நிமிஷம் (1) வந்தது. அதன் பின்னால் (2) வந்தது. பத்திரமாக எடுத்துவைத்த காப்பியும் பக்கத்திலேயே இருந்தது. ஆக நாலு.

மணி இரண்டேமுக்கால்.

“தேவநாதா, இது வெளயாட்டு இல்லப்பா. எனக்கு வேலை போயிடும்” என்றார் போனில்.

தேவநாதன் தன் கடையிலிருந்தே பாண்டியனின் கம்ப்யூட்டருக்குள் வந்தான். மவுஸின் அம்புக்குறி தானாக நகர்ந்து இங்கும் அங்கும் தட்டியது.

“அண்ணே, இது கம்ப்யூட்டர் கோளாறு இல்ல. யாரோ ஒரு ஆளு உள்ள இருக்காங்க.”

“என்னாப்பா சொல்ற?”

“நீங்க அழிக்க அழிக்க, வேற எடத்துல இருந்து யாரோ தொட்டியில கைய விட்டு எடுத்து எடுத்து வெக்கிறாங்க. பத்து நாற்பதுக்கு ஒரு தடவ, பதினொண்ணு பத்துக்கு ஒரு தடவ, இப்பக்கூட வெச்சிருக்காங்க பாருங்க. பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?”

“என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. எங்க வூட்டுல அவ பேருதான் போட்டிருக்கறேன்.”

“உங்களுக்கு வேண்டாத ஆளு யாராச்சும்?”

பாண்டியன் யோசித்தார். இந்த நாற்காலிமேல் கண் வைத்திருந்தவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. ஒவ்வொருவர் முகமாக வந்து போனது. பத்தொன்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்களைச் சந்தேகப்பட வைத்துவிட்டதே இந்தப் பெட்டி என்று மனசு கசந்தது.

“கதவ சாத்திடலாமா? உங்க கம்ப்யூட்டர் தவிர எல்லாரையும் வெளிய தள்ளிட்டு, பாஸ்வேர்டையும் மாத்திடறேன்.”

“தள்ளு” என்றார் பாண்டியன். அந்த ஒரு சொல்லில் காலையிலிருந்து பட்டதெல்லாம் இருந்தது.

புது பாஸ்வேர்டு ஊர்க்கோயில் சாமி விருத்தகிரீஸ்வரர் பெயரில் அமைந்தது. பிறகு பாண்டியன் (1)ஐ அழித்தார், (2)ஐ அழித்தார், காப்பியைத் தேவநாதன் சொன்னபடி ஒரு பென்டிரைவில் போட்டுவிட்டு அதையும் அழித்தார். கைக்கடிகாரத்தை மறுபடி மேஜைமேல் வைத்தார். ஏழு நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. அரை மணி போனது. யாரும் வரவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்தியது. கெடுக்க வந்தவன் அழித்துவிட்டுத்தானே போவான்? இவன் ஒரு பொம்மையைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லையே? டீ குடிக்கப்போன நேரத்தில், சாப்பிட்டு முடித்த நேரத்தில், பாண்டியன் எதைத் தொலைத்தாலும் அதைப் பொறுக்கிப் பொறுக்கி அதனதன் இடத்தில் வைத்திருக்கிறான். இவ்வளவு பொறுமையான எதிரியை அவர் கேள்விப்பட்டதே இல்லை. எவனாக இருந்தாலும் இந்நேரம் வெளியே நிற்கிறான் என்று நினைத்தபோது, என்ன காரணத்தினாலோ அவன்மேல் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது குருமூர்த்தி வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார். ஒரே போல்டர். உள்ளே முன்னூற்றுப் பதினெட்டு பொம்மை. ஒரே பிள்ளையார்.

பெங்களூரிலிருந்து போன் வந்தது. குருமூர்த்தி வெளியே போய்ப் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

“எல்லாம் தெளிவா இருக்குதாம். குடோன்ல கெடக்கற யானையவே நூறு கேக்கறாங்க. சூளைக்காரனுக்கு இது வராதுன்னு நெனச்சேன்டா பாண்டியா. தப்பா நெனச்சிட்டேன். இனிமே அந்த சீட்டு உனக்குத்தான், எவன் கேட்டாலும்.”

பாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதை உடனே விருத்தாம்பாளிடம் சொல்லவேண்டும். போனை எடுத்துப் பார்த்தால் அவளிடமிருந்து பதினாலு தடவை அழைப்பு வந்திருந்தது. திருப்பிக் கூப்பிடுவதற்குள் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. அவர் வீட்டுத் தெருமுனையில் ஆட்டோ ஓட்டும் கருப்பன் மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

“அண்ணே, அண்ணி ஆட்டோவுல உக்காந்து அழுவுது. மொதலாளியப் பாக்கணுமாம்.”

“மொதலாளியவா? எதுக்கு?”

கருப்பன் குருமூர்த்தியைப் பார்த்துக் கும்பிட்டான்.

“எங்கண்ணன் மேல ஒரு தப்பும் இல்லீங்க, எவனோ ஒரு பாவி காலையிலேர்ந்து இவரு படத்தையெல்லாம் அழிச்சிக்கிட்டே இருந்தானாம், அண்ணிதான் வூட்டுல அவங்க போனுல இருந்து ஒவ்வொரு தடவையும் எடுத்து வெச்சி இவரு வேலையக் காப்பாத்திக்கிட்டு இருந்தாங்களாம், கடைசியில அந்தப் பாவி அண்ணியவே வெளிய தள்ளிக் கதவ சாத்திட்டானாம்!”