கேக் மட்டும் கொண்டு வாங்க, சம்பந்தி

பரளச்சி,
கார்த்திகைக் கடைசி, வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி, சாத்தூர் ஞானதுரை வாத்தியார் அவர்களுக்கு, பரளச்சி ஐயாத்துரை கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் மனைவி சுப்பம்மாளும், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் என் மகன் அருண்பாண்டியனும், எங்கள் வீட்டுக்கு வாழவந்த உங்கள் மகள் மெர்சியும், மாடு கன்றும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்குப் பதில் எழுதினால் சந்தோஷப்படுவேன். எழுத மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் கடிதம் என்றால் அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறதல்லவா.

முதல் விஷயம், நான் சாகவில்லை. போன திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் ரேடியோ செட்டு முனீஸ்வரன் உங்களுக்குப் போன் போட்டு, "உங்க சம்பந்தி தவறிட்டாக" என்று சொன்னது தப்பான தகவல். எங்கள் வீட்டில் யாருமே சாகவில்லை. உயிரோடு இருக்கிறவன் போனில் கூப்பிட்டுச் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். என் நம்பர், என் மகன் நம்பர், உங்க மக நம்பர் மூணையும் கல்யாணத்தன்னைக்கே பிளாக் பண்ணி வச்சிருக்கீங்க. அதனால்தான் தபால். முனீஸ்வரன் நம்பர் தெரியாத நம்பர் என்பதால் எடுத்திருக்கிறீர்கள். "சரி" என்று ஒத்தை வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்களாம். வரவும் இல்லை. அதைப் பின்னால் பேசுவோம்.

ஐப்பசியில் மெர்சிக்கு உடம்பு முடியாமல் அருப்புக்கோட்டை ஆசுபத்திரியில் சேர்த்துக் கூட்டிவந்தோம். உடம்பு தேறிவிட்டது, பேச்சுதான் நின்றுபோனது. கேட்டால் "ம்". கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ரூமை விட்டு வெளியே வருவதில்லை, சோறு வைத்தால் வைத்தபடி காய்ந்து கிடக்கும். அருண்பாண்டியன் வாராவாரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறான். போன வருஷம் இந்தப் பிள்ளை எப்படி இருந்தது தெரியுமா? உங்கள் வீட்டுக் கதையெல்லாம் சுப்பம்மாளிடம் சொல்லித் தீராது. டிசம்பர் பிறந்தால் நீங்களே மூங்கிலைச் சீவி ஸ்டார் செய்வீர்களாம், ஏணி போட்டு மாடியில் நீங்கள்தான் கட்டுவீர்களாம், கீழே நின்று சுவிட்ச் போடுவது மட்டும் இவள் வேலையாம். "எங்கப்பா ஏணியில நின்னுக்கிட்டே 'போடு பாப்பா'ன்னு சத்தம் குடுப்பாங்க அத்தே" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு திரும்பணும்னா நம்ம வீட்டுலயும் ஒரு ஸ்டார் எரியணும் என்று நானும் சுப்பம்மாளும் முடிவு கட்டினோம்.

எங்கள் வம்சத்தில் யாரும் ஸ்டார் கட்டியதில்லை. பருத்தி தெரியும், மல்லி தெரியும், மழை வராது என்பது தெரியும். மூங்கிலைச் சீவிக் கட்டினேன், ஆறு மூலை வந்தது. ஒன்றைக் கழித்தேன், நாலாகிவிட்டது. சுப்பம்மாள் எட்டிப் பார்த்து, "கோழி கவுக்கவா?" என்றாள். கடைசியில் டவுனில் ரெடிமேடாக ஒன்று வாங்கி வந்தேன். குடில் வைக்கத் தட்டில் கேப்பை முளைக்கப் போட வேண்டும் என்று மெர்சி முன்னமே சொல்லியிருந்ததால் சுப்பம்மாள் அதையும் போட்டாள். வருஷா வருஷம் முளைப்பாரி போடுகிற கை, சும்மா இருக்குமா? முழ உயரம் வளர்ந்து நின்றது. அதற்குள் பொம்மை ஆட்டை வைத்தோம், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். பொம்மை செட்டைப் பிரித்து மெர்சி முன்னால் பரப்பினோம். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டே வந்தவள், தொட்டியில் படுத்திருக்கும் குழந்தை பொம்மை கைக்கு வந்ததும் அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். செட்டில் இருந்த பொம்மை மாட்டுக்கு ஒரு கொம்பு உடைந்திருந்தது, அதனால் பிடிக்கவில்லை போல என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். ஸ்டாரை நான் மாடியில் கட்டிவிட்டு சுவிட்ச் போடக் கூப்பிட்டேன். "அப்பா கட்டுனாத்தான் நான் போடுவேன் மாமா" என்றாள். ஐப்பசிக்குப் பிறகு அந்தப் பிள்ளை முழுசாகப் பேசியது அது ஒன்றுதான். அதனால் ஸ்டார் இன்றைக்கு வரை எரியாமல்தான் தொங்குகிறது.

சரி, சீரியல் லைட்டாவது போடுவோம் என்று திங்கட்கிழமை காலையில் முனீஸ்வரனிடம் சொல்லிவிட்டு, பிரஷர் மாத்திரை வாங்க அருப்புக்கோட்டை ஆசுபத்திரிக்குப் போனேன். சம்பந்தி, எங்க பக்கத்துல ஒரு வழக்கம். நல்ல காரியத்துக்குக் கலர் சீரியல், சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு வெள்ளை டியூப் லைட்டு. நேற்று முளைத்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். முனீஸ்வரனிடம் இருந்த சீரியல் செட்டெல்லாம் சர்ச்சுகளுக்கு வாடகைக்குப் போய்விட்டதாம். வெறும் வீடாக விட்டுப்போக மனசு வராமல், வாசலின் ரெண்டு பக்கமும் கம்பு ஊன்றி டியூப் லைட்டைக் கட்டிவிட்டான். அதோடு விட்டானா? திருச்சுழியில் ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்பிய பந்தலையும் பிளாஸ்டிக் சேரையும், "நல்ல நாளுல நாலு பேரு வந்தா உக்காரட்டும்" என்று இனாமாக இறக்கிப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான்.

பொழுது சாய்ந்தது, லைட் எரிந்தது. ஐயாத்துரை காலையில் ஆசுபத்திரிக்குப் போனான், சாயங்காலம் வாசலில் பந்தல். ஊர் கணக்குப் போட்டுவிட்டது. தெருவே மாரில் அடித்துக்கொண்டு வந்திருக்கிறது. சுப்பம்மாள் மாவாட்டிக்கொண்டிருந்தவள், நான் டவுனில் விழுந்து செத்த சேதியைத்தான் இவர்கள் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்து, கை மாவோடு தலையில் அடித்துக்கொண்டு விழுந்திருக்கிறாள். அவள் அழுததைப் பார்த்து வந்தவர்களுக்குச் சந்தேகமே போய்விட்டது. ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொள்ளவில்லை. செத்த வீட்டில் போய் யார் செத்தது என்று கேட்பார்களா? சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்த முனீஸ்வரன், தான் கட்டிய லைட்டால்தான் நான் செத்தேன் என்பது தெரியாமல், முறைப்படி முதல் போன் உங்களுக்குப் போட்டிருக்கிறான்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. முன்னால் ஒரு வெளியூர்க்காரர் மாலையோடு போனார். யார் வீட்டுக்கு என்று கேட்டேன். "ஐயாத்துரை வீட்டுத் துட்டிக்கு" என்றார். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சுப்பம்மாள் கல்லுக்குண்டு மாதிரி இருப்பவள். மெர்சிதான் நினைப்புக்கு வந்தாள். பகலெல்லாம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கிடக்கிற பிள்ளை. செருப்பு கழன்றது, எடுக்கவில்லை. இந்த வயதில் அப்படி ஓடினேன் சம்பந்தி. வாசலுக்கு வந்தால் ஒப்பாரியில் என் பேர் கேட்கிறது. உள்ளபடியே சொல்கிறேன், செத்தது நான்தான் என்று தெரிந்ததும் எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம் நடந்ததை என்னவென்று எழுத. ஒப்பாரி வைப்பதில் பேர்போன ஒச்சம்மாள் மதினி, "அள்ளிக் குடுத்த மகராசா" என்று இழுத்துக்கொண்டிருந்தாள். போன மாசம்தான் ஒரு படி கம்பு கேட்டதற்கு நான் இல்லையென்றேன். என்னைக் கண்டதும் ராகம் பாதியில் அறுந்தது. சுப்பம்மாள் எழுந்து வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்கய்யா போயித் தொலைஞ்ச?" என்று முதுகில் ஒன்று வைத்தாள், மாவு இன்னும் அந்தச் சட்டையில் இருக்கிறது. வரப்புத் தகராறில் என்னோடு முகம் பார்க்காத பங்காளி தவசி, ஆளுயர மாலையோடு கண் கலங்கி நின்றான். மாலையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. எனக்கும் போட முடியாது. "இத எங்கிட்டுப் போட?" என்று கேட்டவன், மாடியேறிப் போய் உங்கள் ஸ்டாருக்குப் போட்டுவிட்டு வந்து ஒரு காப்பி குடித்தான். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும் என்பார்கள். தவசி வந்தான். வீரசோழனில் இருந்து நான் மல்லி போடும் கடைக்கார பாய் வந்தார். சவத்துக்குக் கோடித்துணி போட வேண்டிய சம்பந்தி நீங்க, நான் செத்ததுக்குக்கூட வரலையே, இது நியாயமா?

ஆனால் ஒன்று. அன்றைக்கு உங்கள் மகள் ரூமை விட்டு வெளியே வந்தாள். ஒச்சம்மாள் மதினி கழுத்தைக் கட்டிக்கொண்டு மெர்சி அழுத அழுகை இருக்கிறதே, ஊரே அவளைச் சுற்றிக் கூடிவிட்டது. நான் எதிரில் முழுசாக நின்ற பிறகும் அவள் நிறுத்தவில்லை. பெத்த மகன்கூட எனக்கு அப்படி அழமாட்டான். மாமனாருக்கு இப்படி அழுகிற மருமகள் யாருக்கு வாய்ப்பாள், சொல்லுங்க. அன்றைக்கு ஒரு கை சோறும் சாப்பிட்டாள். மறுநாளிலிருந்து பழையபடி கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனவே, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருதரம் வந்து போங்க. எங்கள்மேல் உள்ள கோபத்தை அப்படியே கூடவே எடுத்துக்கொண்டு வாங்க, ஒன்றும் குறைக்க வேண்டாம். ஸ்டாரை அவிழ்த்து உங்கள் கையால் திரும்பக் கட்டி, ஏணியில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். துட்டி ஒன்றும் இல்லாத வீடு, அதனால் கோடி எல்லாம் வேண்டாம். கேக் மட்டும் கொண்டு வாங்க.

உங்கள் ஆண்டவரும் எங்கள் அய்யனாரும் உங்களுக்கு நல்ல சுகத்தையும், கொஞ்சம் மன இளக்கத்தையும் கொடுக்கட்டும். சுப்பம்மாள் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். மாடுகளும்தான்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்
ஐயாத்துரை

பி.கு.: கவரை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை என்று மேலே எழுதியது பொய். ஐப்பசியில் மெர்சிக்கு எட்டாம் மாசத்திலேயே பிரசவமானது. பெண் குழந்தை. மூச்சில்லாமல்தான் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு உங்கள் வாசலில் வந்து நின்றால் நீங்கள் பேசிவிடுவீர்கள் என்று இருந்தாள். அதனால் முழுகாமல் இருந்ததையும் சொல்லவிடவில்லை, போனதையும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளை போனால் பந்தல் கிடையாது, லைட் கிடையாது, கட்டி அழ யாரும் வரமாட்டார்கள். "மரம் இருந்தா காய் வரும்" என்று சொல்லிவிட்டு அவரவர் காட்டுக்குப் போய்விடுவார்கள். அவள் ஆசுபத்திரியில் கிடக்கும்போதே நானும் அருண்பாண்டியனும் துண்டில் சுற்றிக் கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்தோம். அவளுக்கு முகம்கூடக் காட்டவில்லை. திங்கட்கிழமை எல்லோரும் போன பிறகு ஒச்சம்மாள் மதினி என்னிடம் வந்து, "அந்தப் புள்ள உனக்கு அழுகலய்யா" என்றாள். எனக்கு அது முன்னமே தெரியும் சம்பந்தி. முனீஸ்வரன் டியூப் லைட்டையும் பந்தலையும் அவிழ்க்க வந்தான். இன்னும் வரவேண்டியவுக ஒருத்தர் இருக்காக என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஸ்டாரை அப்புறம் கட்டிக்கலாம், முதல்ல துட்டிக்கு வாங்க. கேக் வேண்டாம். கோடி கொண்டு வாங்க. பெரிசா வேண்டாம், ஒரு முழம் போதும்.