காலி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அரியர் அண்ணன்

எங்கள் காலத்தில் திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டைக்குக் காலேஜ் போன பையன்களில் ஒருத்தனுக்குக்கூட காதல் கைகூடவில்லை. அதற்காக ஜாதகத்தையோ, பெண்ணைப் பெற்றவர்களையோ, வேறு யாரையுமே குறை சொல்ல வேண்டாம். மொத்தப் பழியும் அரியர் அண்ணன் ஒருத்தரைத்தான் சேரும்.

போன வாரம் என் மகள் கேட்டாள், “அப்பா, ஒங்க காலத்துல டேட்டிங்லாம் எப்புடிப்பா?” என்று. அரியர் அண்ணனை வைத்துக்கொண்டு நாங்கள் டேட்டிங் போன லட்சணத்தைச் சொன்னால், பெற்ற அப்பன் மேல் இருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். அதனால் அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைப் பல்கலைக்கழகம் மட்டும்தான் பயன்படுத்தியது, அதுவும் தோற்றவர்கள் பட்டியலில். பி.காம். படித்து முடித்தும் புள்ளியியல் பேப்பர் ஒன்று அவரை விடுவேனா என்று பிடித்துக்கொண்டிருந்தது. கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த அப்பாவிடம் “டியூஷன் போறேன்” என்று சொல்லிவிட்டு, திருவரங்குளத்தில் அக்கா வீட்டில் வந்து தங்கிக்கொண்டார். தினமும் காலையில் எங்களோடு டவுன் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு வருவார். டியூஷனுக்குப் போனாரா என்பது தெரியாது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து எங்களுக்கு டியூஷன் எடுத்தார். பாடம், காதல்.

அந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு கருவிதான். நோட்டு.

இன்றைய பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டும். பஸ்ஸில் கூட்டம் நெருக்கினால், நிற்கிறவர்கள் கையிலிருக்கும் நோட்டை உட்கார்ந்திருப்பவரிடம் கொடுப்பார்கள். அவரும் மடியில் வைத்திருந்து இறங்கும்போது திருப்பிக் கொடுப்பார். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே அன்றைக்கு ஊர் அனுமதித்த ஒரே கொடுக்கல் வாங்கல் இதுதான். இதை வைத்தே அண்ணன் ஒரு சாஸ்திரம் உண்டாக்கிவிட்டார்.

“மடியில தனியா வச்சான்னா விருப்பம். மத்தவங்க நோட்டோட சேத்து அடுக்குனான்னா பொதுச்சேவை. பைக்குக் கீழ வச்சான்னா ஆளை விட்ரு. கொடுத்தப்புறம் மட்டும் அங்கிட்டுத் திரும்பியே பாக்கக் கூடாதுடா. மரியாதை போயிரும்.”

நாங்கள் பார்க்க மாட்டோம். எங்களுக்காக அண்ணன் பார்த்து, டீக்கடையில் தீர்ப்புச் சொல்வார். என் வழக்கு ஒரே நாளில் முடிந்தது.

“நோட்ட ஜன்னலோரமா வச்சுட்டாடா. காத்துல போனாப் போகட்டுங்கிறா. விட்ரு.”

விட்டுவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்த பெண் வேறு எங்கே வைப்பாள் என்று எனக்குத் தோன்றுவதற்கு ஏழெட்டு வருஷம் பிடித்தது. என் மனைவி இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவள் என்பதால் இந்த விஷயத்தை இத்தோடு நிறுத்துகிறேன்.

எங்களையெல்லாம் இப்படிக் கவிழ்த்துவிட்டு, அண்ணன் தன் நோட்டை மட்டும் ஒரே ஒருத்தரிடம் கொடுத்து வந்தார். பெயர் சிவகாமி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரின் மகள். பெண்கள் காலேஜில் அவரும் கணக்குத்தான் படித்தார். வாத்தியாரை நினைத்தால் அண்ணனுக்குக் குரலே வராது. காதலுக்கு ஆலோசனை நிலையமே வைத்து நடத்திய மனுஷன், அந்தப் பெண்ணிடம் மூன்று வருஷத்தில் பேசியது ஒரு வார்த்தை கிடையாது. நோட்டை நீட்டுவார், வாங்குவார், அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல். பஸ் எங்கள் ஊரில்தான் புறப்படும். ஏறும்போது பாதிக்கு மேல் காலி. உட்கார்ந்தவன் நோட்டைக் கொடுக்க முடியாது அல்லவா? அதனால் அண்ணன் ஏறியதுமே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். கண்டக்டருக்குப் பொறுக்காது.

“ஏய்யா, பஸ்ஸு பூரா சீட்டு கெடக்கு. எதுக்குய்யா தொங்குற? மூலமா?”

“டிக்கெட்ட மட்டும் குடுங்க. வைத்தியம் வேணாம்.”

நின்றுகொண்டே நோட்டைக் கொடுத்துவிட்டு, எதிர்ப் பக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். தன் சட்டத்தைத் தானே மீறக் கூடாதாம். அவருக்கு ஒற்றன் நான்.

“என்னடா பண்றா?”

“என்னமோ பென்சில்ல எழுதுறாங்கண்ணே.”

“பாடம் எழுதுவா. கணக்கு குரூப்புல்ல.”

அந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காக்கி அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பார்த்தால் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வருகிறவனின் நோட்டு மாதிரி இருக்கும். உள்ளே முதல் பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி. மிச்சத்தைப் பிள்ளையாரே பார்த்துக்கொள்ளட்டும் என்று அண்ணன் அதற்கப்புறம் அதைத் திறந்ததே இல்லை.

ஒரு சனிக்கிழமை எனக்கு ஸ்பெஷல் கிளாஸ். நோட்டை மறந்துவிட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அண்ணன் பெருந்தன்மையோடு தன்னுடையதை நீட்டினார். “உள்ள சுத்தமா இருக்கும். எழுதிக்க.”

கிளாஸில் உட்கார்ந்து பிரித்தேன். கடைசிப் பக்கத்தில், பென்சிலில், குண்டு குண்டான எழுத்து.

‘நோட்டில் எதுவுமே எழுத மாட்டீர்களா? என்னிடம் மட்டும்தான் தருகிறீர்கள் என்று தெரிகிறது. அப்படித்தான் என்றால் நாளைக்கும் தரவும்.’

அதன் கீழே: ‘மீசையை எடுத்தால் முகம் தெரியும். சம்மதம் என்றால் நாளைக்கும் தரவும்.’

அதற்கும் கீழே: ‘அரியரை முடித்தாக வேண்டும். சம்மதம் என்றால் நாளைக்கும் தரவும்.’

அப்புறம் வெள்ளிக்கிழமை எழுதியது: ‘எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். உங்களைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு உங்கள் அக்கா வீட்டுக்கு வருவார். சம்மதம் என்றால் நாளைக்கும் தரவும்.’

கடைசியாக, அன்று காலை எழுதிய ஒரே சொல்: ‘நன்றி.’

இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் என்கிறார்கள். படிக்காமலேயே நாலு நீல டிக் போட்டு வைத்திருந்தார் எங்கள் அண்ணன்.

கிளாஸ் முடிந்த கையோடு பஸ் பிடித்து ஊருக்கு வந்து, அண்ணனின் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் முந்திரிப் பருப்பு தின்றுகொண்டிருந்தார். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். வாயிலிருந்த முந்திரியை மெல்ல மறந்துவிட்டார்.

“நான் எப்படா சம்மதம்னு சொன்னேன்?”

“நாலு தடவ சொல்லியிருக்கீங்கண்ணே.”

“கந்தர்வகோட்டைக்கு அடுத்த பஸ் எப்ப?”

“ஓடப் போறீங்களா?”

“வாத்தியாருடா! அரியர் வச்சவன் கணக்கு வாத்தியாரு முன்னாடி மாப்புளைன்னு நிக்க முடியுமா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் ஜன்னலோரத்துப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் அன்றைக்குக் கத்தினேன். “ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னீங்கள்ல? நாளைக்கி நீங்க இல்லைன்னா அவங்களை வேற வீட்டுக்குக் குடுத்துருவாக. அப்புறம் நோட்ட யாருகிட்ட குடுப்பீங்க? கண்டக்டர்கிட்டயா?”

அண்ணன் கடைசிப் பக்கத்தை மறுபடி ஒரு தடவை படித்தார். அப்புறம் எழுந்து போய் மச்சானின் சவர செட்டை எடுத்தார்.

மறுநாள் வாத்தியார் சொன்னபடி பத்து மணிக்கு வந்தார். கையில் ஒரு தடிப் புத்தகம். அண்ணன் மீசையில்லாமல், தோல் சீவிய வெள்ளரிக்காய் மாதிரி நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

“எம்பொண்ணு சொன்ன எல்லாத்துக்கும் சம்மதம்னு சொன்னீங்களாமே?”

“ஆமாங்க” என்றார் அண்ணன். பாதிதான் வெளியே வந்தது.

“ஒக்காருங்க. சராசரின்னா என்னன்னு சொல்லுங்க பாப்பம்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வாத்தியார் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். அதிலிருந்து ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும், மாமனாராகப் போகிறவரிடம் அதட்டு வாங்கிக்கொண்டே புள்ளியியல் படித்த மாப்பிள்ளை இந்த மாவட்டத்திலேயே இவர் ஒருத்தராகத்தான் இருப்பார். பாஸ் மார்க்குக்கு மேல் ஒரு மார்க்குகூட வீணாக்காமல் தேறினார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

நோட்டைத் திறக்காத கதையை அண்ணியிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இத்தனை வருஷமும் காப்பாற்றினேன்.

போன மாதம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரையும் பார்த்தேன். திருவரங்குளம் பஸ் கிளம்ப நேரமிருந்தது. பஸ்ஸுக்குள் ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அண்ணன் பக்கத்தில் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கையிலிருந்த மஞ்சப்பையை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி அதை மடியில் தனியாக வைத்துக்கொண்டார். அண்ணன் எதிர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பெரியவரே, சீட்டு கெடக்குல்ல, ஒக்காருங்க” என்றார் சின்ன வயசு கண்டக்டர்.

“ஒங்க வேலையப் பாருங்க.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி என்னைக் கிட்டே கூப்பிட்டு, மெதுவான குரலில் சொன்னார்.

“அந்த நோட்ட அவரு பிரிச்சே பாக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும் தம்பி.”

“எப்புடிங்கண்ணி?”

“மீசைய எடுங்கன்னு எழுதுனேன். மறுநா நோட்டு வந்துச்சு, மீசையோட.”

“தெரிஞ்சுமா அப்பாவ வரச் சொன்னீங்க?”

அண்ணி மஞ்சப்பையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

“சீட்டெல்லாம் காலியா கெடக்க, மூணு வருசம் ஒரு ஆளு எனக்காக நின்னுக்கிட்டே வந்தாரு. அதுக்கு மேல எழுதி வேற குடுக்கணுமாக்கும்?”

காது கேட்காதவர் போல அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து மட்டும் சிவந்திருந்தது. டீக்கடைக்கு டீக்கடை இந்த மனுஷனைக் கிண்டல் செய்தே நான் பேர் வாங்கியவன். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

கண்டக்டர் என்னையாவது உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அண்ணன் பக்கத்தில் போய், அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு, திருவரங்குளம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.