வல்லுநர் என்ன சொல்கிறார் என்றால்

மொழிபெயர்ப்பாளரம்மா வந்த வண்டி பாதி வழியில் மக்கர் செய்துவிட்டது. வெளிநாட்டு வல்லுநரோ மேடை ஏறி, தொண்டையைச் செருமிவிட்டார். கல்வித் துறை இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்துத் தலைமை எழுத்தரைப் பிடித்தார்.

"நீங்கதான் இங்கிலீஷ்ல புலியாச்சே. ஏறுங்க."

புலி என்பது எழுத்தரே கிளப்பிவிட்ட புரளி. பதவி உயர்வை நினைத்து, ஆங்கில நாளிதழை அக்குளில் இடுக்கிக்கொண்டே திரிந்ததில் வந்த பெயர். இப்போது தெரியாது என்றால் இருக்கிற நாற்காலியும் போய்விடும். ஏறினார்.

வல்லுநர் மூச்சுவிடாமல் பொழிந்தார். எழுத்தருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அசல் ஆங்கிலம் இப்படித்தான் இருக்கும்போல என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம்னு சொல்றார்."

இயக்குநர் முகம் சுளித்தார். அவர் வெளிநாட்டில் படித்தவர். அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா என்று கீழிருந்தே பல்லைக் கடித்தார்.

அடுத்த முறை எழுத்தர் தாராளமாக அளந்தார். நாடு முன்னேற ஆங்கிலம் வேண்டும், தொட்டிலிலேயே தொடங்க வேண்டும் என்று வல்லுநர் கருதுவதாகச் சொன்னார்.

"தொட்டில்னு சொல்லலை. பாலர் வகுப்புன்னுதான் சொன்னார்," என்று இயக்குநர் திருத்தினார்.

எழுத்தர் அவசரமாகத் தலையாட்டி ஒப்புக்கொண்டார். விஷயம் தெரிந்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாரே. அதற்குப் பிறகு அவர் வல்லுநரின் கைகளை மட்டும் கவனித்தார். கை உயர்ந்தால் வளர்ச்சி, தாழ்ந்தால் தாய்மொழியால் வந்த வறுமை. நடுவில் வல்லுநர் எதற்கோ சிரித்தார். முன்வரிசைப் பெரிய மனிதர்கள் உடனே விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியாகச் சிரித்தவர் எழுத்தர்தான்.

பிறகு கல்லூரி முதல்வர் ஒருவர் எழுந்து ஆங்கிலத்தில் நீளமாக ஒரு கேள்வி கேட்டார். வல்லுநர் புன்னகைத்துத் தலையாட்டி, அதைவிட நீளமாக ஏதோ சொன்னார். வெகுநாள் சந்தேகம் தீர்ந்தது என்று முதல்வர் நெகிழ்ந்துபோய் உட்கார்ந்தார்.

இயக்குநருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வரும் ஆண்டு முதல் ஆரம்பப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடமே கிடையாது, எல்லாம் ஆங்கிலம்தான் என்று மேடையிலேயே அறிவித்தார். திட்டத்துக்குத் தலைமை எழுத்தரே சிறப்பு அதிகாரி என்றார்.

கேட்ட பதவி கிடைத்துவிட்டது. ஆனால் எழுத்தரின் மகள் இப்போதுதான் எழுத்துக்கூட்டித் தன் பெயரை வாசிக்கப் பழகியிருந்தாள். அவருக்குக் கைதட்டல் காதில் விழவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். இயக்குநர் அந்த வாயில் ஒரு லட்டைத் திணித்தார்.

அப்போதுதான் மொழிபெயர்ப்பாளரம்மா வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். எல்லாம் பிரமாதமாக முடிந்தது, ஒரு வார்த்தை விடாமல் அத்தனை பேருக்கும் புரிந்தது என்று இயக்குநர் அவரைச் சமாதானப்படுத்தினார்.

அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"நல்லவேளை சார். வல்லுநருக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது, தன் தாய்மொழியில மட்டுந்தான் பேசுவார். அந்த பாஷை இந்த நாட்டுல என்னைத் தவிர யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சு பயந்துட்டே வந்தேன். இங்க சபைக்கே தெரிஞ்சிருக்கு."