கிரேன் புரோகிராமும் நரைநாரையும்

உயிரே போனாலும் என் மனைவி வெர்னாவிடம் மட்டும் சந்தேகம் கேட்பதில்லை என்று சபதம் எடுத்தேன். போன வருஷம் அவள் ரஸ்ட் என்ற கணினி மொழியைப் படிக்க உட்கார்ந்தபோது, "நாலு நாள் கூத்து" என்று சிரித்தவன் நான். இப்போது எங்கள் டுலூத் துறைமுகத்துக் கிரேன்களை ஓட்டும் புரோகிராமை அதே ரஸ்டில் மாற்றி எழுத வேண்டும்.

"ஆர்வில், வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டு. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்," என்றார் மேனேஜர்.

இருபது வருஷமாக நான் எழுதிய பழைய மொழியில் எவன் பொருளை எவன் தொட்டாலும் கேள்வி கிடையாது. கிரேன் நடுவானில் நின்ற பிறகுதான் தப்பு தெரியும். ரஸ்ட் அப்படியில்லை. ஒரு தகவலை வேறிடத்துக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். மறுபடி தொட்டால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஒரு வரிக்கு ஒன்பது திட்டு. என் மாமியார்கூட இத்தனை நுணுக்கமாகத் திட்டியதில்லை.

"என்னங்க, முகம் வெளுத்திருக்கு? ரஸ்ட் பிடிபடலையா?" என்றாள் வெர்னா.

"எனக்கா? தண்ணி பட்ட பாடு."

"அப்ப கை ஏன் நடுங்குது?"

"குளிர்."

"ஹீட்டர் ஃபுல்லா ஓடுது."

வேறு வழியில்லை. இணைய மன்றம் ஒன்றில் 'வடகாற்று' என்று பொய்ப்பெயர் வைத்துக்கொண்டு உதவி கேட்டேன். 'நரைநாரை' என்றொருவர் பதில் போட்டார். மகா பொறுமைசாலி. ஒரே ஒரு நிபந்தனை: "சிக்கிக்கொண்டால் எழுந்து போய் ஏதாவது வீட்டுவேலை செய்யுங்கள். புத்தி தெளியும். செய்துவிட்டு வந்தால்தான் அடுத்த பதில்."

பாத்திரம் கழுவினேன். வாசல் பனியை அள்ளினேன். மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்ட கராஜைக்கூடச் சுத்தம் செய்தேன். நிஜமாகவே சிவப்பு குறைந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள் வெர்னா, மடிக்கணினியிலிருந்து தலை தூக்காமல்.

"சும்மா, உன் மேல பிரியம்தான்."

"இது இன்னும் பயமா இருக்கு."

கண்டுபிடித்துவிட்டாளோ என்று பயந்து குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேனேஜர் முன்னால் பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. திறந்து பார்த்தால் கிரேன் பெட்டியைத் தூக்கி ஒழுங்காக இறக்கிக்கொண்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து நரைநாரைக்கு எழுதினேன்: "ஐயா, நீங்கள் தெய்வம். என் மனைவிக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய?"

அடுத்த நிமிஷமே பதில் வந்தது.

"மாடி பாத்ரூம் குழாய் இன்னும் ஒழுகுது, ஆர்வில்."