ஆசிரியர் வாய் திறக்காத பாடம்

வன்னியில் ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் உத்தியோகத்தனுக்கு முதலில் வேண்டியது நல்ல வயிறு. படிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். நியமனம் தருபவர்கள் இதைச் சொல்வதில்லை. நான் அதை அறிந்துகொண்டது மாங்குளம் வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த குடியேற்றத் திட்டப் பாடசாலை ஒன்றில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல்.

ஐம்பதுகளின் கடைசிப் பகுதி. வவுனியாவில் படிப்பித்துக்கொண்டிருந்த என்னை ஆரம்ப வகுப்புகளுக்கான கல்வி ஆலோசகராகத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். பாடசாலை பாடசாலையாகப் போய்ப் புது முறையில் படிப்பித்துக் காட்டுவதுதான் வேலை. பிரியாவிடையில் மாலைகள், ஒரு தோற்பை, சக ஆசிரியர் ஒருவரின் கண்ணீர்ப் பேச்சு எல்லாம் கிடைத்தன. (என்னுடைய வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடம் அவர் தலையில் விழுந்திருந்தது. கண்ணீர் உண்மையானது.) பாடசாலைகளைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி ஒருநாள் என் பாடத்தைப் பார்த்துச் சரி என்றால் பதவி நிலைக்கும். இல்லாவிட்டால் அதே தோற்பையோடு அதே பாடசாலைக்குத் திரும்ப வேண்டும். மாலை போட்டவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது?

அந்த நாட்களில் நான் நடந்து போனதை ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். ஓட்டம்தான். காலையில் ஒரு பஸ், மதியம் ஒரு பஸ், இடையில் யாருடையதாவது சைக்கிள். சுகம் விசாரிப்பவர்களிடம் ‘நேரமில்லை’ என்று விளக்குவதற்கே நிறைய நேரம் போயிற்று. என் மனைவி பூமணி ஒருநாள் சொன்னாள்:

“முந்தி உங்களுக்கு வேலை இருந்தது. இப்ப அவசரம் மட்டும்தான் இருக்கு.”

என் முழுப் பெருமையும் ஒரு சிறிய பித்தளைக் கைமணியில் இருந்தது. அதை ஒருமுறை அடித்தால் பிள்ளைகள் புளியங்கொட்டைகளையும் ஓலைத் துண்டுகளையும் வைத்துத் தாங்களாகவே கணக்குச் செய்யத் தொடங்குவார்கள். மறுபடி மணி கேட்கும்வரை ஒருவரும் பேசக்கூடாது, எழும்பக்கூடாது. ஆசிரியரும் வாய் திறக்கக்கூடாது. ‘மௌன வேலை’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆசிரியரின் வாயை அடைக்கும் விளையாட்டு யாருக்குத்தான் பிடிக்காது?

வித்தியாதரிசி வருவதாகச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமையிலும், என் சுறுசுறுப்பைக் காட்டுவதற்காக, வேறு இரண்டு பாடசாலைகளுக்கும் வருவதாக ஏற்றிருந்தேன்.

முதலாவது முல்லைத்தீவுக் கடற்கரையில், தேவாலயத்துக்கு அருகே. பாடம் முடிந்ததும் தலைமையாசிரியை அருளம்மா ரீச்சர் மறித்தார்.

“சேர், காலமை வலையிலை பட்ட நண்டு. சாப்பிட்டுட்டுத்தான் போகவேணும்.”

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் இரண்டுதரம் ‘வேண்டாம்’ என்பது மரியாதை. மூன்றாந்தரம் கேட்டால் ஒத்துக்கொள்வது வழக்கம். இங்கே என் முதலாவது ‘வேண்டாம்’ முடிவதற்குள் பிட்டு கோப்பைக்குள் விழுந்துவிட்டது. மேலே நண்டுக் குழம்பு. (வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூட உரத்துச் சொல்ல மாட்டார்கள்.) கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். மூன்று நண்டுகளுக்கு மேல் கண்ணை மூடவும் அவசியமிருக்கவில்லை.

இரண்டாவது தண்ணீரூற்றில். அங்கே தலைமையாசிரியர் வீட்டில் வாழையிலை போட்டுத் தண்ணீரும் தெளித்து வைத்திருந்தார்கள். ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்று சொல்லியிருக்கலாம். ‘என்ன கறி?’ என்று கேட்பார்களே! வெள்ளிக்கிழமை நண்டு தின்ற ஆலோசகரின் ஆலோசனையை யார் கேட்பார்கள்? பேசாமல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயாசம். சோறு ஒரு சிறு மேடாக இருந்தது. (முன்பு ஒரு பத்திரிகைக்கு ஊர்ச்செய்தி எழுதியவன் நான். மேடு என்றால் மேடுதான்.)

மூன்றாவது பாடசாலைக்குச் சைக்கிளில் போய் இறங்கியபோது என்னால் குனிந்து காற்சட்டைக் கிளிப்பைக் கழற்ற முடியவில்லை. தலைமையாசிரியர் கந்தையா மாஸ்டர்தான் கழற்றிவிட்டார்.

“வித்தியாதரிசி ஐயா எங்கடை வீட்டிலை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நீங்களும் வாங்கோ.”

“ஐயோ மாஸ்டர், பாடம் இருக்கு.”

“சோறு வேண்டாம். தயிர் மட்டும்.”

வன்னியில் ‘தயிர் மட்டும்’ என்றால் ஒரு முட்டி எருமைத் தயிர். அதன்மேல் காட்டுத்தேன். கந்தையா மாஸ்டரின் மனைவி சின்னம்மா அகப்பையும் கையுமாக நின்றா. எதிரே வித்தியாதரிசி, மெலிந்த மனிதர், சிரிப்பைத் திணைக்களம் இன்னும் அனுமதிக்காதது போன்ற முகம்.

“மிஸ்டர், பாடத்திலை எங்கையாவது கவனம் சிதறினா நான் அப்பிடியே எழுதிப் போடுவன்” என்று எச்சரித்துவிட்டு, கோப்பையைச் சின்னம்மாவிடம் மூன்றாந்தரம் நீட்டினார்.

வகுப்பு ஒரு தென்னோலைக் கிடுகுக் கொட்டில். அரைச்சுவர். குளத்துக் காற்று தாராளமாக வந்தது. கந்தையா மாஸ்டரிடம் முறையை விளக்கினேன்.

“மணி அடிச்சாப் பிறகு ஒரு சத்தமும் இருக்கக்கூடாது மாஸ்டர். ஆசிரியர் அந்த இடத்திலை இல்லாதவர் மாதிரி இருக்கவேணும்.”

மணியை அடித்தேன். பிள்ளைகள் புளியங்கொட்டைகள் மேல் குனிந்தார்கள். நான் மணியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தேன். பின்வரிசையில் வித்தியாதரிசி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே முறைத்துப் பார்த்தார். அடுத்து என்ன செய்வதென்று யோசிக்கக் கண்ணை மூடினேன்.

அதன்பின் நடந்தவை கந்தையா மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டிப் பார்த்த அவர் என் தலை நெஞ்சில் சாய்ந்திருக்கக் கண்டார். பின்னால் வித்தியாதரிசியின் தலையும் அப்படியே. நான் சொன்னதை நினைத்துப் பார்த்து, இதுவும் முறையில் ஒரு பகுதி என்று முடிவு செய்தார். பாடசாலை விடும் நேரம் வந்தது. மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை அடிக்கப் போனவர், ‘ஒரு சத்தமும்’ என்ற என் கட்டளை நினைவுக்கு வர, சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார்.

பிள்ளைகள் எண்ணி முடித்த கொட்டைகளைக் கலைத்துவிட்டு மறுபடி எண்ணினார்கள். ஒருவரும் எழும்பவில்லை. பிள்ளைகளைக் காணவில்லையென்று தாய் தகப்பன்மார் வரத்தொடங்கினார்கள். அரைச்சுவர் ஓரமெல்லாம் தலைகள்.

“என்ன மாஸ்டர், ரெண்டு பேரும் நித்திரையோ?” என்று ஒரு தாய் கேட்டா.

“ஸ்ஸ்! உது புதுமுறை. கொழும்பிலை இருந்து வந்தது.”

“எங்கடை மனுசன் உதைக் கனகாலமாச் செய்யிறார். அவருக்கு ஒருதரும் சம்பளம் குடுக்கேல்லையே!”

அப்போதுதான் மணி என் மடியிலிருந்து வழுகி நிலத்தில் விழுந்து கணீரென்றது. அவ்வளவு நேரம் அடைத்து வைத்திருந்த சத்தத்தை ஒரே மூச்சில் விட்டுக்கொண்டு பிள்ளைகள் வெளியே பாய்ந்தார்கள். நான் துள்ளி எழுந்து, ஊர் முழுவதும் கேட்கக் கத்தினேன்:

“நண்டு காணும் ரீச்சர்! போடாதேங்கோ!”

வித்தியாதரிசியும் எழுந்து நின்றார். பேனா அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் தொடையிலிருந்து முழங்கால்வரை ஒரு நீலக்கோடு கீறியிருந்தது. அவர் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அரைச்சுவரில் வரிசையாக நின்ற ஊரைப் பார்த்தார். எனக்குத் தோற்பையும் பழைய பாடசாலைப் படலையும் கண்ணுக்குள் வந்தன.

அவர் தொண்டையைச் செருமினார்.

“இவ்வளவு நேரமும் ஒரு பிள்ளைகூட எழும்பேல்லை. நான் கவனமாப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.”

“நானும்தான் ஐயா” என்றேன்.

“நாங்களும் பாத்துக்கொண்டுதான் நிண்டனாங்கள்” என்றா சின்னம்மா, சுவருக்கு வெளியிலிருந்து.

அதன்பின் வித்தியாதரிசிக்கு வேறு வழி இருக்கவில்லை. என்னைக் குறை சொன்னால், தான் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்லவேண்டி வரும். பஸ்ஸுக்கு நடக்கும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்: “உம்முடைய வேலை நிலைச்சிட்டுது எண்டு வையும். கதை மட்டும் வெளியிலை போகக்கூடாது.”

கதை எங்களுக்கு முந்திய பஸ்ஸில் போய்விட்டிருந்தது. மாங்குளத்தில் கொண்டக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டான்: “இதிலை நண்டு ஐயா ஆர்?”

வீட்டுக்குப் போனபோது, பதவி நிலைத்த செய்தியைச் சொல்ல வாயெடுத்தேன். பூமணி முந்திக்கொண்டாள்: “வெள்ளிக்கிழமையிலையோ?”

அதன்பின் பல வருடங்கள் ஆலோசகராகச் சுற்றி ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்றைக்கும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சாய்மனைக்கதிரையில் சரிந்திருக்கும்போது யாராவது படலையைத் தட்டினால், பேத்தி வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடுவாள்.

“ஸ்ஸ்! அம்மப்பா படிப்பிக்கிறார்.”

பழகியவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “பாடம் எப்ப முடியும் பிள்ளை?”

பதில் குசினிக்குள்ளிருந்து, பூமணியின் குரலில் வரும்.

“மணி என்ரை கையிலைதான் இருக்கு. வந்து இருங்கோ, தயிர் மட்டும் சாப்பிடுங்கோ.”