பின் சீட்டில் பெட்ரோல் வாசம்

"பின் சீட்டுல துளி பெட்ரோல் வாசம் வரக்கூடாது. வீட்ல பசங்க வண்டியில ஏறவே மாட்டேங்குதுங்க" என்று சொல்லிவிட்டுச் சித்தூர்க்காரர் காரை ஷெட்டில் விட்டார். அடர்ந்த முடி, முறுக்கின மீசை. "மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கினு சாயங்காலம் வந்துடறேன்."

முதலாளி விஜயராகவன் முனுசாமியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இந்த மாசம் ரெண்டு பேர் உன் வேலையைக் குறை சொல்லிட்டாங்க. இவரும் சொன்னா நாளைலேர்ந்து வராதே."

சொல்லிவிட்டுத் தன் காரை ஷெட்டிலேயே நிறுத்தி, ஸ்கூட்டரில் கிளம்பிப் போனார்.

முனுசாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. திருப்பதியில் இனி எந்த ஷெட்டில் சேர்த்துக்கொள்வார்கள்? பேட்டரி ஒயரைக் கழற்றினான், பெட்ரோலை வடித்தான், ஜாக்கியில் பலகை வைத்து டேங்கை இறக்கினான். அடியில் தங்கியிருந்த பெட்ரோல் அவன் நெஞ்சில் கொட்டியது. வெடித்துப்போன ரப்பர் குழாயை மாற்றி டேங்கை ஏற்றினான். எழுந்தபோது மணி மூன்று.

ரோட்டோர பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். மீசையும் போயிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம், மடியில் லட்டுப் பை.

"தரிசனம் நல்லா ஆச்சா சார்?"

"திவ்யமா ஆச்சு நைனா."

முனுசாமி கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். "மோந்து பாருங்க சார். வாசம் வருதா?"

அவர் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார். "வருதேப்பா."

முனுசாமி ஜாக்கியை எடுத்தான். "உக்காருங்க சார், டேங்கைத் திரும்ப இறக்கிடறேன்."

"எனக்காகவா? எதுக்குப்பா சிரமம்?"

"உங்களுக்காகத்தான் சார்."

இரண்டாவது தடவை பம்பு மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினான். இன்னும் ஒரு கையளவு பெட்ரோல் தோளில் கொட்டியது.

"இப்போ சார்?"

அவர் ரோட்டை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து முகர்ந்தார். "முன்னைக்கு இப்போ ஜாஸ்திப்பா."

மூன்றாவது தடவை, டேங்கைத் தாங்கும் பட்டையின் துருப்பிடித்த போல்ட்டு முறிந்தது. கடைக்குப் போக நேரமில்லை. முனுசாமி சாமியை நினைத்துக்கொண்டு, முதலாளியின் காருக்கடியில் படுத்து, அதிலிருந்த போல்ட்டைக் கழற்றினான். அந்தக் காரின் டேங்கு ஒரு பக்கம் தொங்கியது. அதற்குச் செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டு வந்து, சித்தூர்க் காரின் டேங்கை ஏற்றி முடித்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான்.

ஐந்து மணிக்கு விஜயராகவன் திரும்பி வந்தார். முனுசாமி இரண்டு கையாலும் சாவியை முதலாளியிடம் நீட்டினான்.

விஜயராகவன் பெஞ்சருகே போய்க் கும்பிட்டார். "வேலை திருப்தியா சார்? குறை இருந்தா தயங்காம சொல்லுங்க."

அவர் லட்டுப் பையோடு எழுந்தார். "குறை ஒண்ணுமில்லைங்க, ஆனா யாருதோ வண்டிக்கு என்னை எதுக்குக் கேக்கறீங்க? கார்வேட்டிநகரம் பஸ்ஸுக்கு உக்காந்துக்கினு இருந்தேன், மோந்து பாக்கச் சொன்னாரு, ரெண்டு வாட்டியும் பாத்தேன், வாசம் அவரு சட்டையிலேர்ந்துதான் வருது."